உடன் வந்ததா, உண்டாக்கியதா?

செய்யூர் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் ரத்தம் மரபணு ஆய்வுக்குக் கிடைக்கலாம். வழியிலேயே உயிர் போனால் எந்த ஆய்விலும் அவர் இல்லை. பிழைத்து வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லா நோயாளிகளையும் பார்த்ததாக எண்ணுவது, இவ்வகை ஆய்வுகளின் முதல் சாய்வு.

இரண்டாவது சாய்வு நுட்பமானது: உடன் வந்ததையே காரணமாக எண்ணுவது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் (சி.சி.எம்.பி.) பங்கேற்ற ஆய்வொன்று 2009இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வந்தது. இதயத்தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதற்கும் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டு என்றது அது. வாய்ப்பு விகிதம் 6.99; இந்தியத் துணைக்கண்டத்தவரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் அந்த விடுபாடு. முதலில் கண்டதை வேறு நோயாளிகளிடம் மறுபடி சோதித்ததும், செல்களில் அதன் விளைவைப் பார்த்ததும் இந்த ஆய்வின் வலிமை.

ஆனால் நூற்றுக்கு நால்வர் என்றால் கோடிக்கணக்கானோர். அத்தனை பேருக்கும் ஏழு மடங்கு ஆபத்தா? 2020இல் வந்த மறுஆய்வு இதற்கு விடை சொன்னது. இதயத்தசை தடிக்கும் நோயைப் பொறுத்தவரை, விடுபாடு தனியாகக் குற்றவாளி அல்ல; அதை உடைய சிலரிடம் மட்டும் அதே மரபணுவில் ஒட்டிவரும் வேறொரு அரிய மாற்றமே நோயோடு பிணைந்திருந்தது. அருகருகே உள்ள மரபுத் துண்டுகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே பயணிப்பதால், உடன் வந்தவர் மீது பழி விழுந்தது.

சொந்தச் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்யும் அகமண வழக்கம் வேறொரு சிக்கலையும் கூட்டுகிறது. தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், 81 குழுக்களில் மூதாதையர் சிலரே என்பதன் தடம் பின்லாந்தினரிடம் இருப்பதைவிட அழுத்தமாக இருந்தது. நோயாளிகளை ஒரு சாதியிலிருந்தும் நோயற்றவர்களை இன்னொரு சாதியிலிருந்தும் எடுத்தால், வம்சாவளி வேறுபாடே நோயின் காரணம்போல் தெரியும். செய்யூரில் மீனவக் குப்பத்தையும் விவசாயத் தெருவையும் ஒப்பிட்டால் உணவு, உழைப்பு, உப்பு எல்லாமே மாறும். அதே அகமணம்தான் அரிய மாற்றங்களை எளிதில் கண்டுபிடிக்கவும் உதவுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே ஒப்பீட்டுக் குழுவை அதே ஊர், அதே சமூகத்திலிருந்து எடுப்பதும், குடும்பத்துக்குள்ளேயே ஒப்பிடுவதும், மரபணுவை முழுமையாகப் படிப்பதும் அவசியம். 2009 ஆய்வு கண்ட தொடர்பு பொய்யல்ல. அதைக் காரணம் என்று படித்ததில்தான் அவசரம். அந்த அவசரத்தின் விலையை, விடுபாடு இருப்பதாகச் சொல்லப்பட்டுப் பயந்து வாழும் நோயற்ற மனிதர்தான் கொடுப்பார்.