பிடித்தது என்றால் போதுமா?

நாவல் ஒன்றைப் படித்து முடித்த ஒருவர், நண்பரைக் காணுமிடத்து, "நன்றாயிருந்தது" என்றோ, "பாதியிலேயே வைத்துவிட்டேன்" என்றோ கூறுவது இயல்பு. அதனை விமர்சனம் என்று எவரும் கொள்வதில்லை. ஆயின் அதே பேச்சு மாதந்தோறும் அச்சேறி, பின்னர் நூலுருவமும் பெற்று, பலரது ரசனைக்கு வழிகாட்டியாகும்போது அதனை வெறும் பேச்சென்று ஒதுக்கிவிட முடியாது.

ஆங்கில எழுத்தாளர் நிக் ஹோர்ன்பியின் பத்தி இதற்குத் தக்க உதாரணம். 'ஹை ஃபிடெலிட்டி' (1995) முதலிய நாவல்களால் பெயர் பெற்ற இவர் தொலைக்காட்சிக்கும் எழுதுபவர். மணமுறிவின் விளிம்பில் நிற்கும் கணவனும் மனைவியும் ஆலோசகரைச் சந்திக்குமுன் மதுச்சாலையில் உரையாடுவதைப் பத்துச் சிறு பகுதிகளாகக் காட்டும் 'ஸ்டேட் ஒஃப் த யூனியன்' (2019) இவருக்கு எம்மி விருதைத் தேடித்தந்தது. ஒரு காலத்தில் இவர் ஆங்கில ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். 2003 இல் அமெரிக்காவில் தோன்றிய 'த பிலீவர்' என்னும் சஞ்சிகையில், அவ்வாண்டிலேயே தாம் படித்தவற்றைப் பற்றி எழுதத் தொடங்கினார். பத்தாண்டுப் பத்திகள் 2013 இல் ஒரே தொகுதியாகவும் வெளிவந்தன.

ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் இரண்டு பட்டியல்கள் உள: வாங்கிய நூல்கள், படித்த நூல்கள். இரண்டும் ஒத்துப்போவதில்லை. படியாத நூலையும் படித்ததுபோற் காட்டிக்கொள்ளும் பண்டிதப் பகட்டுக்கு இது நல்ல மாற்று. 2006 இல் வெளிவந்த தொகுதி ஒன்றின் பெயரிலேயே, மெரிலின் ரொபின்சனின் 'ஹவுஸ்கீப்பிங்' (1980) என்ற நாவலும் ரொக் இசைக்குழு ஒன்றின் தன்வரலாறும் அருகருகே நிற்கின்றன. உயர்ந்தது, தாழ்ந்தது என்று முன்கூட்டியே வகுத்து வைத்துக்கொண்டு படிக்கும் பழக்கத்தை அவர் ஏற்கவில்லை. இந்த நேர்மையை நாம் மதிக்கவே வேண்டும்.

எனினும் இரண்டு இடங்களில் நாம் அவருடன் முரண்பட வேண்டியுள்ளது.

முதலாவது, பிடிக்காத நூலின் பெயரைக் கூறுவதில்லை என்னும் அச்சஞ்சிகையின் நெறி. ஆதலால் அவர் கைவிட்ட நாவல் பெயரில்லாமலே பட்டியலில் இடம்பெறுகின்றது. ஏளனத்தையே விமர்சனமாக்கிய மதிப்புரைகளுக்கு எதிராக எழுந்த நெறி இது என்பதை அறிவோம். ஆனால் ஏளனம் வேறு, மறுப்பு வேறு. ஒரு நாவல் வாழ்க்கையைப் பொய்யாகக் காட்டுகின்றது என்று பெயர்சுட்டிக் கூற இயலாதவிடத்து, மற்றொன்று மெய்யாகக் காட்டுகின்றது என்னும் பாராட்டும் வலுவிழக்கின்றது.

இரண்டாவது, இன்பம் தராத நூலை மூடிவைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள் என்னும் அறிவுரை. கேட்பதற்கு இது சுதந்திரமாகவே தோன்றும். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவரிடம், விளங்காத நூலோடு மல்லுக்கட்டும்படி கூற எவருக்கும் உரிமையில்லை. ஆயின் அந்த "வேறொன்று" எங்கே இருக்கின்றது? வாங்கிய நூல்களின் பட்டியல் படித்தவற்றினும் நீண்டு செல்லும் ஒருவருக்கே அது கைக்கெட்டும் தூரத்தில் உளது. ஓர் அலுமாரியே நூலகமாயுள்ள பாடசாலையின் மாணவன் கையிலுள்ள நாவலை மூடிவிட்டால், பெரும்பாலும் வாசிப்பையே மூடிவிடுகின்றான். ரசனை என்பது பிறவிக்குணமன்று. ஓய்வும் கல்வியும் கைக்காசும் சேர்ந்து உருவாக்குவது அது. அவ்வாறு உருவானதை இறுதித் தீர்ப்பாகக் கொள்வது, இருக்கின்ற ஏற்றத்தாழ்வையே ரசனையென்று ஏற்றுக்கொள்வதாகும்.

ஹோர்ன்பி பெரிதும் விரும்பும் டிக்கன்ஸையே எடுத்துக்கொள்வோம். 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதப் பகுதிகளாக, பகுதி ஒரு ஷில்லிங் விலையில் வெளிவந்தது. மக்கள் அதனை விரும்பிப் படித்தனர். அந்நாவலில், பத்து வயதுச் சிறுவன் மதுப் பண்டகசாலையில் போத்தல் கழுவ அனுப்பப்படுகின்றான். டிக்கன்ஸ் தாமே பன்னிரண்டு வயதில் சப்பாத்து மைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அப்போது தந்தையார் கடனுக்காகச் சிறையிலிருந்தார். 1870 இல் டிக்கன்ஸ் இறந்த பின்னரே, நண்பர் ஃபோர்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாக வாசகர் இதனை அறிந்தனர். இதை அறிந்தபின் அந்த அத்தியாயத்தின் சுவை குறைவதில்லை. அச்சிறுவனின் அவமானம் ஒருவனுடையது மட்டுமன்று, குழந்தைகளை வேலைக்கு வாங்கிய ஒரு சமுதாயத்தினது என்பது அப்போதே விளங்குகின்றது. "பிடித்தது" என்று கூறி நிறுத்தியிருந்தால் இவ்விடத்துக்கு நாம் வந்திருக்கமாட்டோம்.

இவ்வளவும் கூறியபின், என் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். உயர்தர வகுப்பில் நாவல் ஒன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், உங்களுக்கு இந்த நாவல் பிடிச்சதோ?" என்று கேட்டாள். நான் கருப்பொருள், பாத்திர வார்ப்பு, சமுதாயப் பின்னணி என்று விளக்கத் தொடங்கினேன். மணி அடித்தது. அவளது கேள்விக்கு நான் விடை கூறவில்லை என்பது ஆசிரியர் அறைக்கு வந்த பின்னரே உறைத்தது. ஹோர்ன்பியாயின் முதல் வாக்கியத்திலேயே கூறியிருப்பார்.

அவர் நின்றுவிடும் இடத்துக்கு அப்பாலிருந்து நாம் தொடங்குகின்றோம். நாம் தாண்டிவிடும் இடத்திலிருந்து அவர் தொடங்குகின்றார். சமுதாய நோக்குடைய விமர்சனம் மாணவரைச் சென்றடையாமைக்கு இதுவும் ஒரு காரணம். எனக்குப் பிடித்தது, அல்லது பிடிக்கவில்லை என்று முதலில் துணிந்து கூறுவோம். ஏன் என்று அடுத்து எம்மையே கேட்போம். அந்த "ஏன்" எம்மைச் சமுதாயத்திடம் இட்டுச் செல்லும்வரை நிறுத்தாதிருப்போம். மறுநாள் வகுப்பில் அம்மாணவிக்கு விடை கூறினேன். அதன்பின் நடந்த பாடம், அதுவரை நான் நடத்தியவற்றினும் நீண்டது.