ஒட்டு தெரியலைன்னா மொசைக் சரியா?

விண்வெளித் தொலைநோக்கிப் படங்களை ஒட்டி மொசைக் செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது, ஒட்டிய இடத்தில் கோடு தெரியுதா என்பதைத்தான். தெரியலைன்னா வேலை முடிந்தது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்தச் சோதனை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதலில், கோடு ஏன் வருகிறது? விண்வெளியிலும் வானம் முழுக் கறுப்பு இல்லை. கோள்களுக்கு இடையே உள்ள தூசி சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. ஹபிளுக்குப் பூமியின் ஒளியும் கொஞ்சம் சேரும். நாளும் திசையும் மாறினால் இந்தப் பின்னணி அளவும் மாறும். அதனால் பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

ஹபிள் படங்களை ஒட்டும் ஆஸ்ட்ரோடிரிசில் மென்பொருளில் வழக்கமாக அமைந்திருக்கும் முறை 'லோக்கல்மின்'. ஒவ்வொரு ஃபிரேமிலும் வான அளவைத் தனியாக மதிப்பிட்டுக் கழிக்கும். காலி வானம் நிறைய இருந்தால் இது போதும். ஆனால் கரினா நெபுலா மாதிரி ஃபிரேம் முழுக்க வாயு ஒளிரும் இடத்தில்? வாயுவின் ஒளியையே வானம் என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடும், அதுவும் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு அளவில்.

'மேட்ச்' முறை இதைவிடப் புத்திசாலி. இரண்டு ஃபிரேம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியை மட்டும் ஒப்பிடும். அங்கே ஒன்றில் 10, மற்றதில் 13 என்றால் வித்தியாசம் 3. அங்கே இருப்பது வாயுவோ காலி வானமோ, இரண்டிலும் அதுவே இருப்பதால் கவலையில்லை. எல்லா ஜோடிகளையும் ஒரே கணக்காகத் தீர்ப்பதால் பிழை சங்கிலி மாதிரி நீளாது. கோடு மறையும்.

ஆனால் 110, 113 என்றிருந்தாலும் வித்தியாசம் அதே 3 தானே? உண்மையான பூஜ்யம் எது என்று இந்த முறைக்குத் தெரியாது. அதற்காகத்தான் 'குளோபல்மின்+மேட்ச்' இருக்கிறது: சமப்படுத்திய பிறகு, எல்லாவற்றிலும் குறைந்த வான அளவை எடுத்துக் கழிக்கும். ஒரு ஃபிரேமாவது நெபுலாவுக்கு வெளியே விழுந்திருந்தால் விடை நியாயமாக இருக்கும். இல்லாவிட்டால் மங்கலான வாயு பூஜ்யமாகிவிடும். மொசைக் மட்டும் கோடே இல்லாமல் பளிச்சென்று இருக்கும்.

மாண்டாஜ் மென்பொருள் ஒரே எண்ணுக்குப் பதிலாக ஒரு சாய்தளத்தைப் பொருத்துகிறது. பின்னணியே சரிவாக இருக்கும்போது இது உதவும். ஆனால் ஓரத்துக் குறுகிய பட்டையில் அளந்த சரிவை ஃபிரேம் முழுக்க நீட்டுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

சுவரில் மாட்டும் படத்துக்கு இதெல்லாம் பரவாயில்லை. ஒரு விண்மீன் மண்டலத்தின் மங்கலான வெளிப்பகுதியை அளக்கப் போகிறவருக்கு அப்படி விட முடியாது. அந்த ஒளி பின்னணியைவிடப் பல மடங்கு குறைவு. பூஜ்யம் கொஞ்சம் நகர்ந்தாலே விடை மாறிவிடும்.

என் யோசனை எளியது. ஆஸ்ட்ரோடிரிசில் கழித்த அளவை எம்டிரிஸ்ஸ்கை என்ற பெயரில் கோப்பின் தலைப்பில் எழுதி வைக்கும். 'லோக்கல்மின்' ஓட்டியிருந்தால் அந்த எண்களை வரிசையாகப் பாருங்கள். வாயு பிரகாசமாக இருக்கும் ஃபிரேம்களில் எல்லாம் எண்ணும் கூடுகிறதா? அப்படியானால் நீங்கள் கழித்தது வானத்தை மட்டும் இல்லை.