விடையைச் சொல்லாத வகுப்பு

1001, 1111, 1221, 1331. முன்னும் பின்னும் ஒன்றுபோலவே வாசிக்கக்கூடிய நான்கிலக்க எண்கள். இவை எல்லாமே 11ஆல் மீதியின்றி வகுபடுமா? ஜான் மேசன், லியோன் பர்ட்டன், கேய் ஸ்டேசி மூவரும் 1982இல் எழுதிய ‘திங்கிங் மேத்தமேட்டிக்கலி’ நூலில் உள்ள கேள்வி இது. நுண்கணிதம் படித்த மாணவருக்குச் சிறுபிள்ளைக் கணக்காகத் தோன்றும். தொட்டுப் பார்த்தால்தான் இதன் ருசி தெரியும்.

ஆளுக்கு நான்கு எண்களை வகுத்துப் பார்ப்பார்கள், வகுபடும். யாருக்காவது பொறி தட்டும்: அடுத்தடுத்த எண்களுக்கு இடையே வித்தியாசம் 110. தொடக்க எண் 1001உம் 11ஆல் வகுபடும், 110உம் வகுபடும். ஆகவே எல்லாம் வகுபடும். அழகான வாதம். ஆனால் 1991க்கு அடுத்தது 2002. அங்கே வித்தியாசம் வெறும் 11.

ஆசிரியரின் கைவண்ணம் தெரியும் இடம் இதுதான். “தவறு” என்று முந்திக்கொள்பவர் ஆட்டத்தைக் கெடுத்துவிடுவார். பொறுத்திருந்தால், 11உம் 11ஆல் வகுபடும் என்பதை மாணவர்களே கண்டு, சரிந்த வாதத்தைத் தாங்களே நிமிர்த்துவார்கள். முதலில் உன்னை நம்பவை, பிறகு நண்பனை, பிறகு எதையும் சந்தேகிப்பவனை என்பது அந்நூலின் படிமுறை. மூன்றாவது ஆள் இருக்கிறானே, அவன்தான் வகுப்பின் உயிர்நாடி. “ஐந்திலக்கத்திலும் இப்படித்தானா?” என்பான். 10001ஐ வகுத்தால் மீதி 2. ஏன் என்ற கேள்வியோடு மறுபடி விவாதம் சூடுபிடிக்கும்.

ஜொகூரில், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யுடாரியா முகமட் யூசோப், 1990களில் இந்நூலின் வழியில் ஒரு பாடத்தை நடத்தி ஆராய்ந்தார். அதுவே வார்விக் பல்கலைக்கழகத்தில் அவரது முனைவர் ஆய்வு. டேவிட் டாலுடன் அவர் 1999இல் வெளியிட்ட கட்டுரை மனத்தைத் தைக்கிறது. பல்கலைக்கழகக் கணிதம் தங்களுக்குப் புரிபடவில்லை என்று தொடக்கத்தில் பாதி மாணவர்கள் சொன்னார்கள். பதற்றமும் புதிய கணக்குகளைக் கண்டு அச்சமும் பலரிடம் இருந்தன. சேர்ந்து யோசித்து, யோசித்த விதத்தையும் திரும்பிப் பார்த்தபோது, ஆசிரியர்கள் விரும்பிய திசையிலேயே மனப்போக்கு மாறியது. வழக்கமான விரிவுரைகளுக்குத் திரும்பியதும் பெரும்பாலான மாற்றங்கள் தலைகீழாயின.

அந்தச் சரிவை ஒளிக்காமல் எழுதியதற்காகவே கட்டுரையை மதிக்க வேண்டும். மாணவருக்குத் திறனில்லை என்ற பழைய சமாதானம் அதற்குமுன் நிற்காது. அதே மாணவர்கள்தானே சில மாதங்களுக்கு முன் துணிந்து யோசித்தவர்கள்?

தனிப் பாடமாக நடத்தியது போதாதென்றால், அன்றாட விரிவுரைக்குள்ளேயே கேள்வியைக் கொண்டுபோக வேண்டும். யுடாரியாவும் ரோசெலைனி அப்துல் ரஹ்மானும் பின்னர் பொறியியல் மாணவர்களின் கணித வகுப்புகளில் அந்த வேலையைத்தான் தொடர்ந்தார்கள்.