வானவரா, வாழ்க்கைத் துணைவியா?
‘அல்-அய்யாம்’ குறித்து ஒரு மதிப்பீடு

நவீன அரபு உரைநடையின் முன்வரிசை நூல்களுள் ஒன்றாக தாஹா ஹுஸைனின் (1889–1973) ‘அல்-அய்யாம்’ போற்றப்படுகிறது. ஜாஹிலிய்யாக் காலக் கவிதை குறித்து அவர் 1926இல் வெளியிட்ட கருத்துகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. அவற்றை மறுத்து அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆயினும் பார்வையற்ற ஒருவரின் அகவாழ்வை அறிய விரும்புவோர் அவருடைய தன்வரலாற்றைக் கடந்து சென்றுவிட இயலாது. இல்லற உறவைப் பற்றி அந்நூல் என்ன கூறுகிறது என்பதை மட்டும் இங்கு ஆராய்வோம்.

1929இல் நூலுருப் பெற்ற முதற்பாகத்தின் இறுதி இயலில் ஆசிரியர் தம் மகளை விளித்துப் பேசுகிறார். துன்பத்திலிருந்த தம்மை இன்பத்தில் அமர்த்திய மனைவியை ஒரு மலக்காக, வானவராக உருவகிக்கிறார். அந்த வானவருக்குத் தாம் பட்ட கடனைத் தந்தையும் மகளும் சேர்ந்து அடைக்க முயல்வோம் என்கிறார். வகுப்பில் இப்பகுதியைப் படிக்கும் மாணவர் உருகாமல் இருப்பதில்லை.

நம் கருத்தில் நூலின் பலவீனமான இடமும் இதுவே. வானவருக்குப் பசியில்லை, தேவையில்லை, இட்ட பணியை மறுப்பதும் இல்லை. மனைவியை அந்நிலைக்கு உயர்த்திவிட்டால், கணவர் பெறுபவராக மட்டுமே எஞ்சுவார், இல்லறம் தர்மமாகிவிடும். ஊனமுற்றவரை மணப்பது தியாகம் என்று சமூகம் ஏற்கெனவே கொண்டுள்ள எண்ணத்துக்கு இவ்வுருவகம் அரண் செய்கிறது.

உண்மையான சான்று அதே பாகத்தின் தொடக்க இயல்களில் கிடக்கிறது. சிறுவன் ஒருநாள் குடும்பத்தாருடன் உண்கையில், கவளத்தை இரு கைகளாலும் எடுக்கிறான். உடன்பிறந்தோர் சிரிக்கின்றனர், தாய் அழுகிறாள், தந்தை அமைதியான துயரத்துடன் திருத்துகிறார். அன்றிலிருந்து கரண்டியால் உண்ணும் உணவுகளையெல்லாம் அவன் தனக்கு விலக்கிக்கொள்கிறான். பின்னர் தனித்தே உண்ணப் பழகுகிறான். பிரான்சுக்குச் சென்ற பிறகும் உணவு அறைக்கே வந்தது. திருமணம் நிச்சயமான பிறகுதான், துணைவியார் இவ்வழக்கத்திலிருந்தும் வேறு பல வழக்கங்களிலிருந்தும் தம்மை வெளிக்கொணர்ந்தார் என்கிறார். இதை அவர் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறார். எனினும் நெருக்கம் என்பதன் இலக்கணம் இங்கேதான் உள்ளது: சிரிப்புக்கும் அழுகைக்கும் துயரமான அறிவுரைக்கும் அஞ்சாமல் ஒருவர் முன் உண்ண முடிவது.

இதே இயலில் அவர் அபுல் அலா அல்-மஅர்ரியை நினைவுகூர்வது தற்செயலன்று. அப்பார்வையற்ற கவிஞரும் மறைவிலேயே உண்டவர், மணம் செய்யாதவர், குருடும் வீடுமாகிய இரு சிறைகளின் கைதி எனத் தம்மை அழைத்துக்கொண்டவர். 1914இல் தாஹா ஹுஸைன் முனைவர் பட்டம் பெற்றதே மஅர்ரி குறித்த ஆய்வுக்குத்தான். தம் வாழ்வும் அவ்வாறே முடியும் என்ற அச்சம் முதற்பாகத்தின் அடிநாதமாக ஒலிக்கிறது.

அவர் மறைந்தபின் துணைவியார் சூசான் பிரெஞ்சில் எழுதி, ‘மஅக’ (உன்னுடன்) என்று அரபியில் வந்த நினைவுநூல் வானவர் உருவகத்தைத் திருத்துகிறது. அவர் முதன்முதலில் காதலைத் தெரிவித்தபோது, தாம் அவரைக் காதலிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதாக சூசான் எழுதுகிறார். இரக்கத்தால் இணங்குபவர் இப்படிப் பேசமாட்டார். வேற்று நாட்டவர், பார்வையற்றவர், முஸ்லிம் என்று குடும்பத்தார் திகைத்தனர். பாதிரியாரான உறவினர் ஒருவர் அவருடன் உரையாடிவிட்டு வந்து ஆதரவு தெரிவித்தார். 1917இல் மணம் நிகழ்ந்தது. பிரிந்திருந்த காலங்களில் அவர் எழுதிய கடிதங்களும் நூலில் உள்ளன. நூல்களையெல்லாம் பிறர் எழுதச் சொல்லிய அவருக்கு, மனைவிக்கு அனுப்பும் கடிதத்துக்கும் மூன்றாமவர் கை தேவைப்பட்டது. அந்தரங்கத்துக்கு அவர் கொடுத்த விலை அது. இந்நூலில் நாம் காணும் சூசான் கேட்பவர், காத்திருப்பவர், பெறுபவரும்கூட.

இத்தகைய பார்வை நம் மரபுக்குப் புதிதன்று. அல்பகரா அத்தியாயத்தின் 187ஆம் வசனம் கணவனையும் மனைவியையும் ஒருவருக்கொருவர் ஆடையாக உவமிக்கிறது. ஒருவர் மட்டும் போர்த்துபவர், மற்றவர் போர்த்தப்படுபவர் என்று பிரிக்கவில்லை. அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனத்துக்கு, பார்வையற்றோரும் முடவரும் நோயாளரும் பிறருடன் அமர்ந்து உண்ணக் கூச்சப்பட்ட நிலையை நீக்க இறங்கியது என்றும் விரிவுரையாளர் ஒரு காரணம் கூறுவர். நிகாஹை முறிக்க இடந்தரும் குறைகளை ஷாஃபிஈ பிக்ஹு நூல்கள் எண்ணி வரையறுக்கின்றன. அப்பட்டியலில் குருடு இல்லை. 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு மணம்புரியும் உரிமையை உறுதிசெய்கிறது. நம் பிக்ஹு நூலோர் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அம்மணத்தின் உறுதியைக் காத்திருந்தனர்.

இவ்வளவும் இருந்தும், சம்பந்தம் பேசும் நம் வீடுகளில் பார்வையற்ற மகனுக்கு ‘கவனித்துக்கொள்ள’ ஏழைப்பெண் தேடப்படுகிறாள். பார்வையற்ற மகளுக்கோ பேச்சே எழுவதில்லை. ‘அல்-அய்யாம்’ கற்பிப்போர் இறுதி இயலோடு நிறுத்திக்கொள்ளாமல், உணவைப் பற்றிய அந்த இயலையும் ‘மஅக’வையும் சேர்த்து வைத்துக் கற்பித்தால், கடனும் தியாகமுமல்லாத ஓர் இல்லறத்தை மாணவர் இலக்கியத்திலேனும் கண்டறிவர். நாளை சம்பந்தம் பேசும் இடத்தில் அமரப்போகிறவர்களும் அவர்களே. வல்லாஹு அஃலம்.