ஆசிரியர் சங்கங்களும் இலவசக் கல்வியும்: வாவியின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஆசிரியரின் உரிமையும் மாணவரின் உரிமையும் ஒன்றே என்பது இலங்கை ஆசிரியர் தொழிற்சங்கங்கள் நெடுங்காலமாக முன்வைத்துவரும் வாதமாகும். சம்பளங் கேட்டு வீதியில் இறங்கும்போதும் தாம் பாதுகாப்பது இலவசக் கல்வியையே என அவை கூறும். இக்கூற்றை வெறுஞ் சுலோகமெனத் தள்ளுவோரும் உளர். வேதவாக்காகக் கொள்வோரும் உளர். இரு நிலைப்பாடுகளும் ஆய்வுநெறிக்கு ஒவ்வாதன. எச்சூழலில் இக்கூற்று மெய்யாகிறது, எச்சூழலில் தடுமாறுகிறது என்பதை அறியக் கொழும்பு வீதிகளை மட்டுமன்றி மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையையும் நோக்குதல் வேண்டும்.

கன்னங்கராவைத் தலைவராகக் கொண்ட விசேட குழு 1943 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசின் பொறுப்பில் ஆக்கின. இம்மாற்றம் பிள்ளைகளுக்குத் தந்த நன்மை பலராலும் பேசப்படுகிறது. ஆசிரியருக்குத் தந்த நன்மை அவ்வளவு பேசப்படுவதில்லை. முகாமையாளரின் விருப்பு வெறுப்புக்கு உட்பட்டிருந்த ஆசிரியர் அரச ஊழியராயினார். அவரது நியமனமும் ஓய்வூதியமும் விதிகளுக்குள் வந்தன. ஆகவே ஆசிரியர் பொதுக் கல்வியைப் பாதுகாக்கும்போது தாம் நிற்கும் நிலத்தையே பாதுகாக்கின்றனர். இதிற் பழிப்பதற்கு ஏதுமில்லை. உரிமைகளின் ஒருமை பற்றிய வாதத்துக்கு வரலாற்று அடிப்படை உண்டு என்பதையே இது காட்டுகின்றது.

அவ்வாதம் செயலில் மெய்ப்பட்ட தருணங்களும் உள. 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில், மொத்த உள்நாட்டு உற்பத்தியின் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டுமென்ற கோரிக்கை முன்னணிக்கு வந்தது. விரிவுரையாளரின் சம்பளப் பிரச்சினை நாட்டின் கல்விச் செலவினப் பிரச்சினையாக அதனால் விரிந்தது. 2021 இல் பாடசாலை ஆசிரியர் சங்கங்கள் கொத்தலாவல தேசிய பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்தன. கட்டணக் கல்விக்கும் உயர்கல்வியின் இராணுவமயத்துக்கும் அது வழிதிறக்கும் என்பதே அவற்றின் அச்சம். அவ்வாண்டு ஜூலை 8 ஆம் திகதி எதிர்ப்பில் ஈடுபட்ட இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் பிறரும் கைதுசெய்யப்பட்டுத் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஜூலை 12 இல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிய ஆசிரியர் ஒக்டோபர் வரை உறுதியாக நின்றனர். கோரிய உயர்வில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது. எஞ்சிய பங்கிற்காக 2024 ஜூன் 26 இல் மீண்டும் சுகயீன விடுமுறைப் போராட்டம் நடத்த நேர்ந்தது. சம்பளம் போதாத ஆசிரியர் தொழிலில் நிலைக்கமாட்டார் என்பதனால் இப்போராட்டங்கள் மாணவர் நலனுக்கும் உரியனவே.

எனினும் மேற்கூறியவை யாவும் சங்கங்களும் அரசும் எதிரெதிரே நின்ற தருணங்கள். சங்க உறுப்பினரின் விருப்பமும் மாணவரின் தேவையும் எதிரெதிரே நிற்கும் தருணத்திலேயே இவ்வாதம் சோதனைக்குள்ளாகிறது. படுவான்கரை அத்தகைய சோதனைக் களமாகும்.

மட்டக்களப்பின் கல்வி வரலாறு வாவியின் புவியியலோடு பிணைந்தது. 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய பணியில் வேர்கொண்ட மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873 இல் உருவான புனித மிக்கேல் கல்லூரி, 1929 இல் விபுலாநந்த அடிகளின் முயற்சியாற் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயம் ஆகிய யாவும் புளியந்தீவிலும் எழுவான்கரைப் பக்கத்திலும் அமைந்தன. சூரியன் படும் பக்கமாகிய படுவான்கரை நெல்வயல்களின் நிலம். நெல் மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. ஆசிரியர் கிழக்கிலிருந்து மேற்கே செல்லவேண்டியிருந்தது. 2007 வரை நீடித்த போர்ச்சூழல் இந்த இடைவெளியை மேலும் ஆழமாக்கிற்று. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைக்குச் செல்வோர் அத்துறையில் இயந்திரப் படகையே நம்பியிருந்தனர். பாலம் பயணத்தை எளிதாக்கியது. இடமாற்றங் கோரும் மனப்பாங்கை அது மாற்றிவிடவில்லை.

கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு நியமனம் பெறும் ஆசிரியர், குறித்த சேவைக்காலம் முடிந்ததும் நகர்ப்புறத்துக்கு இடமாற்றங் கோருகின்றார். அஃது அவரது உரிமை. அதை நிறைவேற்றித் தருவது சங்கத்தின் கடமை. ஆனால் அவர் விட்டுச்செல்லும் வகுப்பறையில் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆங்கிலத்துக்கோ பதிலாள் வராவிட்டால் நட்டமடையும் பிள்ளைக்காக வாதாடுவோர் யாவர்? இடமாற்றச் சபைகளில் ஆசிரியர் சங்கப் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. எனவே இவ்விடயத்தில் சங்கங்கள் வெளியே நின்று குரலெழுப்பும் தரப்பினர் அல்லர். தீர்மானத்திற் பங்குகொள்ளும் தரப்பினர். வெற்றிடமாகும் மேசைக்கு அச்சபையிற் பிரதிநிதி இல்லை.

சங்கங்கள் இதற்கு அளிக்கக்கூடிய விடை வலுவற்றதன்று. தங்குமிடமின்றி, பேருந்து நேரத்துக்குக் கட்டுப்பட்டு, குடும்பத்தைப் பிரிந்து பணியாற்றும் இளம் ஆசிரியையிடம் தியாகத்தைப் போதிப்பது எளிது. விடுதி கட்டவேண்டியதும் நியாயமான கொடுப்பனவு வழங்கவேண்டியதும் அரசே. அரசின் தவறைத் தனியொரு ஆசிரியையின் தோளில் ஏற்றுதல் அநீதி. இதனை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இவ்விடையே சங்கங்களை நோக்கி மறுவினா ஒன்றையும் எழுப்புகின்றது. சம்பள முரண்பாட்டுக்காக மாதக்கணக்கில் நாட்டையே நிறுத்தி வைக்கக்கூடிய அமைப்புப் பலம், கஷ்டப் பிரதேச ஆசிரியர் விடுதிக்காக ஏன் அதே வீச்சோடு திரண்டதில்லை? அக்கோரிக்கையில் ஆசிரியர் நலனும் மாணவர் நலனும் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றன. உரிமைகளின் ஒருமையை நிறுவ இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

இரண்டாவது தடுமாற்றம் தனியார் வகுப்புகள் பற்றியது. இலவசக் கல்விக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்தைச் சங்கங்கள் உரத்துக் கண்டிக்கின்றன. உள்ளிருந்தே அதனை அரிக்கும் கட்டண வகுப்புகளைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்கிறது. அவ்வகுப்புகளிற் கற்பிப்போரிற் பாடசாலை ஆசிரியரும் அடங்குவர் என்பதே காரணம் எனலாம். போதாத சம்பளம் அவர்களை அங்குத் தள்ளுகிறது என்பதும் உண்மை. ஆயினும் இதன் விளைவு மனங்கொளத்தக்கது. வேலைநிறுத்தம் எல்லாப் பிள்ளைகளையும் சமமாகத் தாக்குவதில்லை. நகரத்துப் பிள்ளை இழந்த பாடத்தைக் கட்டண வகுப்பில் மீட்டுக்கொள்ளும். படுவான்கரைக் கமக்காரரின் பிள்ளைக்குப் பாடசாலையைத் தவிர வேறு புகலில்லை. ஆதலால் போராட்டம் முடிந்தபின் இழந்த நாட்களை மீட்கும் திட்டத்தையும் சங்கங்களே முன்வைத்தல், அவை தம் வாதத்துக்குச் செலுத்தவேண்டிய கடனாகும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியம் எனச் சிலர் கருதலாம். 2012 செப்டெம்பரில் அமெரிக்காவின் சிக்காகோ நகர ஆசிரியர் சங்கம் ஏழு பாடசாலை நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தது. வகுப்பின் மாணவர் தொகையைக் குறைத்தல், நூலகம், தாதியர், சமூகப் பணியாளர் ஆகியவற்றையும் அது தன் கோரிக்கைகளோடு இணைத்திருந்தது. பெற்றோர் பலர் ஆசிரியரின் பக்கம் நின்றனர். இதற்கு மாறான படிப்பினை தமிழகத்திற் கிடைக்கின்றது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தஞ் செய்த அரச ஊழியரும் ஆசிரியருமாக ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரை அன்றைய அரசு ஒரே வீச்சிற் பணிநீக்கஞ் செய்தது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என இந்திய உயர் நீதிமன்றமும் கூறிற்று. இலங்கையிலும் 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் ஊழியர் தொழிலிழந்தனர். அரசு கடுமை காட்டும்போது சங்கத்துக்கு எஞ்சுவது மக்களின் ஆதரவு ஒன்றே. அது போராட்ட நாளன்று திடீரெனத் தோன்றுவதன்று. அதற்கு முந்திய ஆண்டுகளிற் பெற்றோரின் பிரச்சினைகளுக்காகச் சங்கம் பேசியதன் விளைவாகவே சேர்வது.

ஆசிரியர் சங்கங்கள் வலுவிழந்தால் இலவசக் கல்வியும் வலுவிழக்கும் என்பதில் ஐயமில்லை. அவற்றை விமரிசிப்பது அவற்றின் எதிரிகளுக்குத் துணைபோவதாகாது. தலைநகர் வீதியில் எழும் முழக்கம் மெய்யா என்பதை ஈற்றிலே தீர்மானிக்கப்போவது கணித ஆசிரியருக்காகக் காத்திருக்கும் படுவான்கரை வகுப்பறையே. அவ்வகுப்பறையின் வெற்றிடத்தைத் தம் முதற் கோரிக்கையாக ஏற்கும் நாளில் ஆசிரியர் உரிமையும் மாணவர் உரிமையும் ஒன்றென்பதை எவரும் மறுக்க இயலாது.