மந்திரமும் மன்றாட்டும்: கற்பனை விளையாட்டுகளின் பெயர் மரபு பற்றி ஒரு நோக்கு

மனிதனுக்கு ஒப்படைக்கப்பட்ட முதல் அறிவுப் பணி பெயரிடுதலே என்பதைத் தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரம் உணர்த்துகிறது. உயிரினங்களைப் படைத்த இறைவன் அவற்றை மனிதனிடம் கொண்டுவருகிறார்; அவன் இட்ட பெயரே அவற்றிற்கு நிலைக்கிறது. எனவே, ஒருவன் எதற்கு என்ன பெயர் இடுகிறான் என்பதைக் கொண்டு, உலகை அவன் எவ்வாறு காண்கிறான் என்பதை ஓரளவு கணித்துவிடலாம்.

இந்த அளவுகோலை இலக்கியத் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் எட்டிப்பாராத ஒரு துறையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மந்திரவாதிகளும் வீரர்களும் அரக்கரும் உலவும் கற்பனை விளையாட்டுகளை நம் இல்லங்களின் பிள்ளைகள் பலர் ஆடுகின்றனர். அவற்றில் வரும் மந்திரங்களின் பெயர்களை அவர்கள் நாள்தோறும் எத்தனையோ முறை உச்சரிக்கின்றனர். ‘வெறும் விளையாட்டுத்தானே’ என்று இவற்றை ஒதுக்குவோர் உண்டு; ‘பேய்த்தனம்’ என்று அஞ்சுவோரும் உண்டு. இவ்விரு சாராரும் அச்சொற்களை வாசித்துப் பார்ப்பதில்லை என்பதே என் குறை. வாசித்தால் வியக்கத்தக்கனவும் வருந்தத்தக்கனவும் அங்கே உள்ளன.

எளிய பெயரும் உரியவர் பெயரும்

இத்துறைக்கு அடித்தளம் இட்டது 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு. அதில் கணினி இல்லை. தாளும் பென்சிலும் பகடையுமே கருவிகள். அதன் மந்திரப் பெயர்களில் பல மிக எளியவை: ‘ஸ்லீப்’ என்றால் உறக்கம், ‘ஃபயர்பால்’ என்றால் நெருப்புப் பந்து, ‘கியூர் லைட் வூண்ட்ஸ்’ என்றால் சிறு காயங்களை ஆற்றுதல். மருந்துச் சீசாவின் மேல் ஒட்டிய தாளைப் போல, செய்வதைச் சொல்லி நின்றுவிடும் பெயர்கள் இவை. அழகு குறைவு, ஆனால் நேர்மை உண்டு.

இன்னொரு வகை, மந்திரத்தை ஆக்கியவரின் பெயரைத் தாங்கியது. 1978-இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் ‘டென்சரின் மிதக்கும் தட்டு’ என்றொரு மந்திரம் உண்டு. டென்சர் என்பது கைகாக்ஸின் மகனுடைய பெயராகிய எர்னஸ்ட் என்பதன் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி ஆக்கியது. வீட்டில் மகன் ஆடிய பாத்திரம் உலகெங்கும் மந்திரப் பெயராயிற்று. இவ்வகைப் பெயர்கள் அக்கற்பனை உலகுக்கு ஒரு வரலாற்றைத் தருகின்றன. ‘இதை உனக்கு முன் ஒருவர் கண்டறிந்தார், நீ அவருக்குக் கடன்பட்டவன்’ என்று அவை ஆடுவோரிடம் சொல்லாமல் சொல்கின்றன.

இலக்கணம் உள்ள மந்திரங்கள்

மொழி ஆர்வலரை மிகவும் ஈர்ப்பவை, தமக்கெனச் சொந்த இலக்கணம் உடைய பெயர்களே. 1981-இல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகியோர் ஆக்கிய ‘விசார்ட்ரி’ என்னும் கணினி விளையாட்டில் ‘ஹலிட்டோ’ என்பது சிறு நெருப்பு. அதன்முன் ‘ம’ சேர்ந்து ‘மஹலிட்டோ’ ஆனால் பெருநெருப்பு. ‘ல’ சேர்ந்தால் அதனினும் பெரியது. ‘டியோஸ்’ என்பது காயத்தை ஆற்றும், ‘படியோஸ்’ காயப்படுத்தும். ‘ப’ என்னும் முன்னொட்டு பொருளைத் தலைகீழாக்குகிறது. பகுதியும் விகுதியும் பிரித்துப் படித்த நமக்கு இதன் சுவை எளிதில் விளங்கும். விளக்கிச் சொல்லாமலேயே ஆடுபவன் இலக்கணம் கற்கிறான். டியோஸ் என்பது இஸ்பானிய மொழியில் கடவுள் என்று பொருள்படும் சொல் என்பதும் இங்கே கருதத்தக்கது.

இம்முறையின் உச்சத்தை ரிச்சர்ட் கேரியட்டின் ‘அல்டிமா’ வரிசையில், 1988-இல் வந்த ஐந்தாம் பகுதியில் காணலாம். அங்கே ஒவ்வோர் அசைக்கும் ஒரு பொருள். ‘இன்’ என்றால் ஆக்கு. ‘லோர்’ என்றால் ஒளி. ‘இன் லோர்’ விளக்கேற்றும். ‘ஆன்’ என்றால் நீக்கு. ‘நாக்ஸ்’ என்றால் நஞ்சு. ‘ஆன் நாக்ஸ்’ நஞ்சை முறிக்கும். ‘மானி’ உயிர், ‘கார்ப்’ சாவு. இறந்தோரை எழுப்பும் மந்திரமோ ‘இன் மானி கார்ப்’: ஆக்கு, உயிர், சாவு என மூன்றே அசைகள். கார்ப் என்பதில் உடலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் எதிரொலியைக் கேட்பவர்க்கு, உயிர்த்தெழுதலைப் பற்றிய ஒரு சுருக்கமான சிந்தனையாகவே அது தோன்றும். சாவை ஒளித்து வைக்காமல், அதன் பெயரையும் சொல்லியே உயிரைக் கூப்பிடுகிறது அம்மந்திரம். இப்பெயர்களை இட்டவர் சொல்லை மதித்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒலியும் ஏணியும்

யப்பானியர் வேறு வழி கண்டனர். 1986-இல் தொடங்கிய ‘டிராகன் குவெஸ்ட்’ வரிசையில் ‘மேரா’ என்னும் தீ மந்திரம், தீ எரிவதைக் குறிக்கும் ‘மேரமேர’ என்னும் அவர்தம் இரட்டைச் சொல்லிலிருந்து பிறந்தது. திகுதிகு, தகதக என்று பேசும் தமிழருக்கு இவ்வழக்கு அந்நியமன்று. வலிமை கூடக்கூட மேரா, மேராமி, மேராசோமா எனப் பெயரும் நீள்கிறது. சிறுவனும் பொருளறியாமலே உணரும் பெயர்கள் இவை. அவ்விளையாட்டின் முதற்பகுதி 1989-இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது, ‘கிரா’ என்னும் ஒளிவீசும் பெயர் ‘ஹர்ட்’ ஆயிற்று, அதாவது ‘நோகச்செய்’. அதன் பெரிய வடிவம் ‘ஹர்ட்மோர்’, ‘மேலும் நோகச்செய்’. பொருள் போய்ச் சேர்ந்தது. உயிர் வழியில் நின்றுவிட்டது. பிற்கால மொழிபெயர்ப்பாளர்கள் இதை உணர்ந்து, எண்ணெயில் பொரியும் ஓசையைத் தரும் ‘ஃபிரிஸ்’, ‘ஃபிரிசில்’ போன்ற பெயர்களை மேரா வரிசைக்கு அமைத்தது பாராட்டுக்குரியது.

1987-இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டசி’, விகுதிகளால் ஏணி கட்டியது: ஃபையா, ஃபைரா, ஃபைகா. ஆங்கிலப் பதிப்பில் நான்கு எழுத்துகளுக்கே இடமிருந்ததால் அவை நெருப்பு, நெருப்பு 2, நெருப்பு 3 என்னும் பொருளில் எண்களாகச் சுருங்கின. பெயர் எண்ணாகும்போது வலிமை மட்டுமே மிஞ்சுகிறது. இது விளையாட்டுக்கு மட்டும் பொருந்தும் உண்மையன்று.

இரவல் வாங்கிய திருச்சொற்கள்

இனி நம் விசுவாசம் தொடும் இடத்திற்கு வருவோம். 1974-ஆம் ஆண்டின் அந்த முதல் விளையாட்டிலேயே குருவைப் போன்ற ஒரு பாத்திரம் உண்டு. கோல்களைப் பாம்பாக்குதல், பூச்சிக் கொள்ளைநோய், இறந்தோரை எழுப்புதல் ஆகியவை அவருக்குரிய மந்திரங்கள். முதலிரண்டும் விடுதலைப் பயண நூலை நினைவூட்டுவன. ஆனால் அந்நூலில் பார்வோனின் மந்திரவாதிகளும் தம் கோல்களைப் பாம்பாக்கினர் என்பதை நாம் மறக்கலாகாது. செயலின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆரோனையும் எகிப்திய மந்திரவாதியையும் பிரித்தறிய வழியில்லை. யாருடைய வல்லமையால் என்பதே அங்கு வேறுபாடு.

2000-இல் வெளிவந்த ‘டயப்லோ’ இரண்டாம் பகுதியில் சமயப் போர்வீரன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய ஆற்றல்களின் பட்டியல், மறைக்கல்வி நூலின் பொருளடக்கம் போல் தோன்றும்: வேண்டுதல், தியானம், தூய்மைப்படுத்தல், பலி, மனமாற்றம், மீட்பு, இரட்சிப்பு. அவை செய்வது என்ன? ‘இரட்சிப்பு’ நெருப்பு, குளிர், மின்னல் ஆகிய மூன்றையும் தாங்கும் திறனைக் கூட்டுகிறது. ‘மீட்பு’ கொல்லப்பட்டோரின் பிணங்களை வீரனின் உயிராற்றலாகவும் மந்திர ஆற்றலாகவும் மாற்றித் தருகிறது. மீட்பு என்னும் சொல்லின் பொருள் இங்கே நேர் எதிராகத் திரும்பிவிட்டதைக் கவனியுங்கள். நம் விசுவாசத்தில் மீட்பர் தம் உயிரைக் கொடுக்கிறார். அங்கோ ‘மீட்பவன்’ இறந்தவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறான்.

எனினும் எல்லாவற்றையும் ஒரே கோலால் அளப்பது நீதியன்று. அதே பட்டியலில் உள்ள ‘பலி’, வீரன் தன் உயிரில் ஒரு பகுதியை இழந்தே பகைவனைத் தாக்கும் முறை. பெயர் கோருவதை விதி ஓரளவேனும் நிறைவேற்றுகிறது. 2004-இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் ‘கைகளை வைத்தல்’ என்னும் ஆற்றல் உண்டு. அதன் தொடக்கக் கால விதிப்படி, அதைப் பயன்படுத்துபவன் தன் மந்திர ஆற்றல் முழுவதையும் இழந்தே மற்றவரைக் குணமாக்குவான். மீண்டும் பயன்படுத்த ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தன்னை வெறுமையாக்கிப் பிறரை நிறைத்தல்! அதை வகுத்தவர் இறையியல் கற்றாரோ இல்லையோ, சொல்லின் எடையை உணர்ந்திருந்தார். ஆகவே நான் முன்வைக்கும் அளவுகோல் இதுவே: பெயர் சொல்வதை விதி செய்கிறதா? செய்தால் அச்சொல் வாழ்கிறது; செய்யாவிடில் அது களவாடப்பட்ட சொல்.

அகற்றப்பட்ட ஒரு சொல்

இவ்விடத்தில் ஒரு மாற்று எண்ணம் எழலாம்: திருச்சொற்களை விளையாட்டிலிருந்து அடியோடு நீக்கிவிட்டால் என்ன? அதுவும் செய்து பார்க்கப்பட்டதுதான். ‘ஃபைனல் ஃபேண்டசி’ வரிசையில் ‘ஹோலி’, அதாவது ‘தூய’ என்னும் பெயருடைய மிகுவலிமை கொண்ட வெண்மந்திரம் உண்டு. சமயச் சார்பான சொற்களையும் குறியீடுகளையும் தவிர்க்கும் கொள்கையை நிண்டெண்டோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை அக்காலத்தில் கடைப்பிடித்ததால், 1991-இல் அங்கு வெளிவந்த பகுதியில் அது ‘வெண்மை’ ஆயிற்று. 1994-இல் வந்த பகுதியில் ‘முத்து’ ஆயிற்று. யார் மனமும் புண்படவில்லை. ஆனால் யார் மனமும் தொடப்படவும் இல்லை. தூய்மைக்கு ஈடாக வெண்மையை வைத்தபோது, உள்ளத்திற்குரிய ஒன்று கண்ணுக்குரியதாய்க் குறைந்துபோயிற்று. நிந்தைக்கு அஞ்சி மௌனம் காப்பது வணக்கமாகிவிடாது.

1997-இல் அவ்வரிசையின் ஏழாம் பகுதி வேறொரு நிறுவனத்தின் கருவியில் வெளிவந்தபோது அச்சொல் தன் பெயரோடு திரும்பியது. அங்கேதான் என்னை வியக்க வைத்த செய்தி உள்ளது. ஏரித் என்னும் இளம்பெண், உலகை அழிக்க வரும் எரிகோளைத் தடுக்க, ‘ஹோலி’யை வேண்டி மன்றாடுகிறாள். மன்றாடிக்கொண்டிருக்கும்போதே பகைவனால் கொல்லப்படுகிறாள். அவள் கேட்டது அவள் உயிரோடிருக்கையில் வரவில்லை. கதையின் முடிவில்தான் வெளிப்படுகிறது. முந்தைய பகுதிகளில் ஆடுபவன் பொத்தானை அழுத்தி ஏவிய அந்த மந்திரத்தை, இங்கே அவன் ஒருமுறைகூட ஏவ முடியாது. அது அவன் கையிருப்பில் இல்லை. கேட்கலாம், காத்திருக்கலாம், கட்டளையிட முடியாது. கிறிஸ்தவக் கதையன்று அது; ஆயினும் ‘தூய’ என்னும் சொல்லுக்கு அது செய்த மரியாதை, பல பக்தி வெளியீடுகளில் காணாதது.

ஆணையும் மன்றாட்டும்

மந்திரத்துக்கும் மன்றாட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. மந்திரம் ஆணையிடுகிறது; மன்றாட்டு கேட்கிறது. மந்திரத்தில் பெயரை அறிந்தவன் தலைவன். மன்றாட்டில் பெயரை அறிந்தவன் பிள்ளை. திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் சீமோன், திருத்தூதர்கள் கைகளை வைத்ததால் தூய ஆவி அருளப்படுவதைக் கண்டு, அந்த அதிகாரத்தைப் பணம் கொடுத்துப் பெற முயன்றான். இன்றைய விளையாட்டு மொழியில் சொன்னால், அவன் விரும்பியது ஓர் ‘ஆற்றலை’. அதே நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் ஸ்கேவாவின் மக்கள் இயேசுவின் பெயரை மந்திரமாக்கிப் பார்த்துக் காயமடைந்து ஓடினர். பெயர் சரியாகவே இருந்தது, உறவுதான் இல்லை.

‘குருக்களாகிய நீங்களும் வரையறுத்த சொற்களைத்தானே சொல்கிறீர்கள்?’ என்று கேட்போர் உண்டு. ‘ஹோக்கஸ் போக்கஸ்’ என்னும் செப்படி வித்தைக்காரர் சொல், திருப்பலியின் இலத்தீன் வசீகர வார்த்தைகளின் சிதைவாக இருக்கலாம் என்று பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கப் பேராயர் ஜான் டில்லட்சன் ஊகித்ததும் இந்த ஐயத்தின் சாயலே. விடை எளிது. அருள்சாதனத்தில் சொல்லுகிறவன் வல்லவன் அல்லன், செயல்படுபவர் கிறிஸ்து. அந்த வல்லமையைக் குரு தன் கையிருப்பாகச் சேர்த்து வைப்பதில்லை. தன் விருப்பப்படி வளர்த்து நிலை உயர்த்திக்கொள்வதும் இல்லை. அவர் பணியாளர், அவ்வளவே.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் கையிலிருந்து விளையாட்டைப் பறிப்பதற்கு முன், அதன் சொற்களைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். ‘இந்த மந்திரத்திற்கு ஏன் இப்பெயர்? இப்பெயருக்கு ஏற்றதை அது செய்கிறதா?’ என்று வினவுங்கள். ‘மீட்பு’ என்ற பெயரில் பிணங்களிலிருந்து வலிமை எடுக்கப்படுவதைக் கண்டு, ‘இது பொருந்தவில்லையே’ என்று ஒரு சிறுவன் சொல்வானாயின், அவன் மறைக்கல்வியில் ஒரு பாடத்தை நன்கு கற்றுவிட்டான் எனலாம்.

அவ்வாறு சொல்வதற்கு மீட்பு என்றால் என்ன என்பதை அவன் முன்பே வேறெங்கோ கேட்டிருக்க வேண்டும். அந்த இடம் நம் இல்லமும் நம் ஆலயமுமே. அங்கே இச்சொற்கள் எடையோடு ஒலித்தால், வேறெங்கே அவை இலேசாகக் கையாளப்பட்டாலும் பிள்ளைகள் வேறுபாட்டை அறிவர். அங்கேயே அவை வெறும் ஒலிகளாய்த் தேய்ந்துபோனால், விளையாட்டை ஆக்கியோரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.