காட்சி முடிந்த பிறகு தறியில் மிஞ்சுவது

வாரணாசியில் ஒரு பூவேலையைப் பட்டில் நெய்வதற்கு முன்பு அதை நூலிலேயே எழுதி வைப்பார்கள். விறைப்பாக இழுத்துக் கட்டிய பருத்தி இழைகளுக்குக் குறுக்கே, எதிரில் உள்ள சித்திரத்தைப் பார்த்தபடி ஒருவர் வேறு இழைகளை மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டே போவார். எந்த இழை எழும்ப வேண்டும், எது படுத்துக் கிடக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அந்த நூல் தொகுப்புக்குள் இறங்கிவிடும். அதற்கு நக்ஷா என்று பெயர். கட்டுபவர் நக்ஷாபந்த். தறியில் ஏற்றியதும் மேலே அமர்ந்திருக்கும் உதவியாள் அதன் கயிறுகளை வரிசை தவறாமல் இழுப்பார். கீழே பாவு பிளந்து கொடுக்கும். நெசவாளர் ஊடையை விடுவார். 1804-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற ஜக்கார்டு கருவி துளையிட்ட அட்டைகளை வைத்து இதே வேலையைச் செய்தது. அது நம் தறிகளின் தலையில் ஏறிய பிறகு நக்ஷா கட்டும் விரல்களுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது.

ஜவுளி வரலாற்று ஆய்வாளர் ராகுல் ஜெயின் 1993-இல் வாரணாசியில் 'ஆஷா' என்ற பட்டறையைத் தொடங்கியபோது இந்த விரல்களைத் தேடித்தான் போனார். மொகலாய அரண்மனைகளிலும் சஃபாவிய ஈரானிலும் நெய்யப்பட்ட பட்டுகள் உலக அருங்காட்சியகங்களில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அவற்றின் பூவையும் கொடியையும் நகலெடுக்க ஜக்கார்டு போதும். துணியின் உள்கட்டு வேறு. ஒரே துணியில் இரண்டு பாவு, ஒன்று தரைக்கு, மற்றொன்று மேலே மிதக்கும் ஊடையைப் பிடித்து நிறுத்த. சிலவற்றில் தங்கம் சுற்றிய இழையே முகமாக நிற்கும். வெல்வெட்டில் தனியாக ஒரு பாவைக் கம்பிகள்மேல் வளையம் வளையமாக எழுப்பிப் பிறகு அறுக்க வேண்டும். இவற்றை நெய்யும் இழுதறியை ஜெயின் நக்ஷாபந்துகளோடும் நெசவாளர்களோடும் சேர்ந்து மறுபடி பூட்டினார். நாள் முழுக்க நெய்தால் சில அங்குலம் வளரும் துணி அது.

சமகால ஜவுளிக் கலையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் காட்சிக்கூடத்திலிருந்து தொடங்குவார்கள். அங்கே தொங்கும் துணி அழகாகவே இருக்கும். ஒளியமைப்பும் அதற்குத் துணை செய்யும். நான் வேறொரு அளவுகோலை வைத்துக்கொண்டுதான் இந்தத் துறையைப் பார்த்து வருகிறேன். கலைஞர் ஊர் திரும்பிய பிறகு, துணி இறக்கி மடிக்கப்பட்ட பிறகு, அந்த நெசவுத் தெருவில் முன்பு இல்லாத எது மிஞ்சியிருக்கிறது? ஒரு கட்டா, ஒரு சாயமா, ஒரு கூலி உயர்வா, ஒரு இளைஞரின் பெயரா? இந்தக் கேள்வியோடு பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது. ஜெயினை நான் முதலில் வைத்ததற்குக் காரணம் அதுதான். அவருடைய துணியை வாங்குபவர்கள் அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும்தான். அந்த ஆதரவு நின்றால் இழுதறியும் நிற்கும் என்ற கவலை எனக்கு உண்டு. ஆனாலும், காகிதத்தில் மட்டும் விளக்கமாக எஞ்சியிருக்க வேண்டிய ஒரு வேலை இத்தனை ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அங்கே நக்ஷாவுக்கு இணையானது அடை. அடை கட்டித் தறியில் ஏற்றி, கொத்துக் கொத்தாகக் கயிறு இழுத்துக் கரையில் பூ எடுத்த காலம் வெகுதூரத்தில் இல்லை. இன்று பெரும்பாலான தறிகளில் ஜக்கார்டு. கோர்வை மட்டும் இன்னும் பிடிவாதமாக நிற்கிறது: உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் இரண்டு நாடா, கரை நாடாவைத் தள்ளிவிடப் பக்கத்தில் இன்னொருவர். உடல் நிறமும் கரை நிறமும் பல்லாகக் கடித்துக்கொள்ளும் அந்த இடத்தைச் சேலை கட்டுபவர்கள் அழகென்று மட்டும் பார்க்கிறார்கள். இரண்டு பேரின் மூச்சு ஒத்துப்போன இடம் அது.

கலைஞர் தறிக்கு வருவது இந்தியாவில் நேற்றுத் தொடங்கியதல்ல. 1937-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் நெசவைத் தொடங்கிவிட்டார். மேடைக்கும் தறிக்கும் ஒரே கண் போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பிறகு, 1956 முதல் பண்பாட்டு ஆளுமை புபுல் ஜெயகரின் முனைப்பில் அரசின் நெசவாளர் சேவை மையங்கள் வந்தன. அவற்றில் வேலை பார்த்த ஓவியர்களின் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் நவீன இந்திய ஓவிய வரலாற்றின் ஒரு அத்தியாயமே கிடைக்கும்: பிரபாகர் பர்வே, அர்பிதா சிங், மனு பரேக், ஹகு ஷா. கே.ஜி. சுப்ரமணியன் 1959 முதல் 1961 வரை பம்பாயில் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தார். தறி இவர்களுக்கு என்ன கொடுத்தது என்பதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. பர்வேயின் படங்களில் வரும் குறியீடுகளை அவர் வாரணாசியில் இருந்த ஆண்டுகளோடு சேர்த்துப் படிப்பார்கள். இவர்கள் தறிக்கு என்ன கொடுத்தார்கள் என்ற பக்கம் அதிகம் எழுதப்படவில்லை. கோப்புகளில் கிடக்கும் வரைபடத் தாள்களைத் தேடி யாராவது அதை எழுத வேண்டும்.

அந்த மையங்களின் உழைப்பு பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது 'விஸ்வகர்மா' கண்காட்சிகளில். மார்த்தண்ட் சிங் தலைமை ஏற்க, 1980-களில் தொடங்கி ஏழு கண்காட்சிகள் நடந்தன. முதலாவது, 1982-இல் லண்டனில் நடந்த இந்திய விழாவின் பகுதி. பின்னால் வந்த ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'புதுப் பாவு'. தமிழ்த் தறிக்காரர் வாயிலிருந்து நேராக எடுத்த சொல். பழைய துணி நெய்து முடியும் தறுவாயில் மிச்சமிருக்கும் இழைகளின் முனையில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள், ஆயிரக்கணக்கான இழைகள். பழையது அறுபடாமல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் புதியது அச்சுக்குள் நுழையும். அந்தக் கண்காட்சிகள் செய்ய நினைத்ததும் இதுதான்.

அப்போது மீட்க முயன்றவற்றில் என் மனத்தை விட்டு அகலாதது கோடாலிக் கருப்பூர். கொள்ளிடக் கரையில், கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். தஞ்சை மராட்டிய அரசவைக்காக அங்கே நெய்த சேலையின் வேலை முறை வேறெங்கும் இல்லாதது. மெல்லிய பருத்தியில் சரிகையை ஜம்தானி போல இடையிடையே கோத்து நெய்வார்கள். அதோடு வேலை முடிந்துவிடாது. அந்தச் சரிகைத் துணியின்மேல் மெழுகால் எழுதி, சாயவேரின் சிவப்பிலும் கருப்பிலும் தோய்த்தெடுப்பார்கள். இத்தனை பாடுபட்டு நெய்த பொன் பெரும்பகுதி சாயத்துக்குள் மறைந்துபோய், உடுத்தியவர் அசையும்போது மட்டும் உள்ளிருந்து மினுங்கும். தங்கத்தை வாங்கி, நெய்து, பிறகு மறைக்கவும் துணிந்த ரசனை அது. 1855-இல் அரச வம்சம் ஆண் வாரிசின்றி முடிந்து தஞ்சை பிரிட்டிஷார் கைக்குப் போனதும் அந்த ரசனைக்குக் காசு கொடுக்க ஆளில்லை. நெசவாளர் ஒருவர், மெழுகு எழுதுபவர் ஒருவர், சாயக்காரர் ஒருவர் என்று சங்கிலியாக நின்ற வேலையில் ஒரு கண்ணி போனாலும் மற்றவை சும்மா நிற்கும். பிற்கால மீட்டெடுப்புகள் மாதிரிகளாகச் சிறப்பாக வந்தன. அந்த ஊரில் அது மறுபடி பிழைப்பாக ஆகவில்லை. என் அளவுகோலின்படி இது தோல்விதான். ஆனால் அந்தத் துணியைப் பார்த்தவர்கள் அதை வீண் என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

தனிக் கலைஞர்களில் இரண்டு எதிர்த் திசைகளைச் சொல்ல வேண்டும். மும்பையைச் சேர்ந்த மோனிகா கோரியா 1960-களில் தறியில் உட்கார்ந்தவர். நெசவாளர் சேவை மையத்தில் பயின்றவர்களில் ஒருவர். நெய்துகொண்டிருக்கும்போதே அச்சைக் கழற்றிவிடும் முறையை அவர் கண்டுகொண்டார். அச்சுதான் பாவு இழைகளை இடைவெளி மாறாமல் நேராக நிறுத்துவது. அது போனதும் இழைகள் ஆற்று நீர்போல வளைந்து, விலகி, கூடிப் போகின்றன. தறியின் இயல்பைத் தெரிந்த ஒருவரால்தான் தறியை இப்படி அவிழ்த்துவிட முடியும். மறுபுறம் ஹைதராபாதின் கௌராங் ஷா. காந்தியின் 150-ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி 2019-இல் மும்பை தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சிக்காக, ரவி வர்மாவின் ஓவியங்களைக் கதர்ச் சேலை முந்தானைகளில் ஜம்தானியாக நெய்வித்தார். பாவுக்கு அடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிறு கண்டு நூலைக் கையால் கோத்துக் கோத்து, ஒரு பெண் முகத்தின் கன்னத்து நிழல்வரை கொண்டுவந்த ஆந்திர நெசவாளர்களின் திறமைக்கு முன் தலை வணங்குகிறேன். ஆனால் எண்ணெய் வண்ணம் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்ட ஒன்றைத் தறியைத் திரும்பச் சொல்லவைப்பது எனக்கு உவப்பாயில்லை. அந்த விரல்களிடம் அவற்றுக்கே உரிய ஒன்றைக் கேட்டிருக்கலாம்.

பிரியா ரவீஷ் மெஹ்ரா கேட்டது அப்படியான ஒன்று. 1961-இல் பிறந்து 2018-இல் மறைந்தவர், சாந்திநிகேதனில் படித்தவர். அவருடைய குடும்பத்தின் வேர் உத்தரப் பிரதேசத்து நஜீபாபாதில். அந்த ஊரின் ரஃபூகர்கள் கிழிந்த காஷ்மீரச் சால்வைகளைச் சரிசெய்வதில் பேர்போனவர்கள். தறியில்லாமல் ஊசியாலேயே பாவு போட்டு, அதற்குள் ஊடை விட்டு, அறுந்துபோன இடத்தை அதே நெசவில் திரும்ப நெய்துவிடுவார்கள். வேலை நன்றாக வந்தது என்றால் அது கண்ணுக்குத் தெரியாது. தன் திறமையைத் தானே அழித்துக்கொள்ளும் தொழில். மெஹ்ரா பல ஆண்டுகள் அவர்களோடு பழகி, அவர்களைப் பார்வையாளர்களுக்கு முன்னால் உட்காரவைத்து வேலை செய்யச் சொன்னார். தானும் கிழிசல்களை எடுத்து, துணியையும் காகிதக் கூழையும் சேர்த்துத் தைத்தார். அவற்றில் ரஃபூ மறைவதில்லை, வெளியே தெரிகிறது. புற்றுநோயோடு வாழ்ந்த ஆண்டுகளில் செய்தவை அவை என்பது தெரிந்த பிறகு அந்தத் தையல்களை வெறும் உத்தியாகப் பார்க்க என்னால் முடிவதில்லை. இந்தத் துறையில் நான் மிகவும் நேசிக்கும் படைப்புகள் அவருடையவை.

கட்ச்சில் கதை வேறு வழியில் போனது. புஜோடியின் வன்கர் நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக ரபாரி இடையர்களுக்குக் கம்பளி நெய்து கொடுத்தவர்கள். யாருக்கு நெய்கிறோம் என்று முகம் தெரிந்து நெய்த காலம். அந்த உறவு தளர்ந்து, 2001 நிலநடுக்கமும் வந்து போன பிறகு, ஜூடி ஃப்ரேட்டர் 2005-இல் கைவினைஞர்களுக்கென்றே ஒரு வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டு வாரம் வீதம் ஆறு அமர்வுகள். இடையில் வீட்டுக்குப் போய்த் தறியில் செய்து பார்க்க வேண்டும். 2014 முதல் சோமையா கலா வித்யா அந்த வேலையைத் தொடர்கிறது. இங்கே கலைஞர் வெளியிலிருந்து வருவதில்லை. நெசவாளரே தன் பெயரில் தன் துணியை முன்வைக்கிறார். மானாவாரியில் விளையும் காலா பருத்தி மறுபடி தறிக்கு வந்ததும் அந்த வட்டாரத்தில்தான்.

இதையெல்லாம் எழுதும்போது சில எண்கள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. 2009–10 கணக்கெடுப்பில் கைத்தறியை நம்பியிருந்தவர்கள் 43.31 லட்சம் பேர், 2019–20-இல் 35.22 லட்சம். பின்னதில் மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. நெசவையும் அதன் துணை வேலைகளையும் செய்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். தார் சுற்றுவதும் பாவு ஓட்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். சுவரில் ஒட்டும் பெயர்ச் சீட்டில் என்றைக்காவது நெசவாளர் பெயர் வந்தாலும், தார் சுற்றியவர் பெயர் வந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாகப் பலராமபுரம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள இந்த ஊர்த் தெருக்களுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசர் பலராம வர்மா தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலியர்களை வரவழைத்துக் குடியமர்த்தினார். அரண்மனைக்கு வெள்ளையும் கசவு என்னும் சரிகைக் கரையும் நெய்தவர்கள் தமிழ் பேசிய நெசவாளர்கள். பூர்விகம் கேரளமாகவும் இருப்பு மும்பையாகவும் கொண்ட கலைஞர் லக்ஷ்மி மாதவன் இவர்களோடு சேர்ந்துதான் வேலை செய்கிறார். 2021-இல் ஆலப்புழையில் நடந்த 'லோகமே தறவாடு' கண்காட்சிக்குப் பிறகு அவர் பெயர் பரவலாகத் தெரியவந்தது. அம்மம்மா உடுத்திய முண்டும் நேரியது என்னும் மேல்துணியும் அவருடைய தொடக்கப் புள்ளி. அங்கிருந்து, கசவு யார் உடம்பில் ஏறலாம், யார் உடம்பில் ஏறக்கூடாது என்ற கேள்விக்கு அவர் போகிறார்.

அந்த மண்ணில் இது அலங்காரமான கேள்வியல்ல. நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசிடமிருந்து அதற்கான உத்தரவைப் பெற்றார்கள். அப்போதும், உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல அணியக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அதே காலத்தில், அதே நாட்டில், பலராமபுரத்துத் தெருக்களில் காலையில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு, நார்த் தூரிகையால் வாரிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தெருக்களின் பெருமை புளியிலைக்கரை நேரியது. முகப்பும் முதுகும் ஒன்றுபோலவே தெரியும்படி கரையை நெய்வது அவர்கள் கைவேலை. பின்பக்கம் என்று ஒரு பக்கம் அதற்கு இல்லை. சுவரோடு சேர்த்து மாட்டிவிட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. கூடத்தின் நடுவில் தொங்கவிட்டு, பார்ப்பவர் துணியைச் சுற்றி நடந்து மறுபக்கம் போய்ப் பார்க்க இடம் விட வேண்டும்.